இரண்டு வயதில் 'மூளை வளர்ச்சி' வகுப்பு தேவையா?

காலி வீதிக்காரன்:
வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு வயதிலிருந்தே சேர்க்கலாமாம். பட அட்டை, எண்கள், ஆங்கிலப் பாட்டு. 'மூளையின் 90 வீதம் ஐந்து வயதுக்குள் வளர்ந்துவிடும், பிறகு அழுது பயனில்லை' என்று துண்டுப்பிரசுரம் சொல்கிறது. மனைவி சேர்ப்போம் என்கிறா. வீட்டில் மாமி தமிழில்தான் கதைப்பா. என்ன செய்யலாம்?

மழைக்குருவி:
சேருங்கள் அண்ணா. ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்ட்டில் அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். பிந்திப் போனவர்கள் அந்தளவுக்கு இல்லை. காலம் போனால் போனதுதான்.

ஜம்பட்டா வீதி:
அக்கா, அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமற்போனது பட அட்டையா? அழுதால் தூக்க ஆளில்லை, சிரித்தால் திருப்பிச் சிரிக்க ஆளில்லை. அவர்களைத் தேற்றியதும் வகுப்பு அல்ல, குடும்பம். மாமியின் மடியில் வளரும் பிள்ளைக்கு அதை எப்படிப் பொருத்துவது? அப்புறம் அந்த 90 வீதம் மூளையின் பருமன் பற்றிய கணக்கு. நெற்றிப் பக்க மூளை முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். நரம்பிணைப்புகள் முதலில் அளவுக்கு மிஞ்சி உண்டாகி, பாவிக்காதவை பிறகு களையப்படும். ஐந்தாவது பிறந்தநாளோடு முடிகிற வேலை இல்லை அது.

மழைக்குருவி:
பாவிக்காதது களையப்படும் என்று நீங்களே சொல்கிறீர்கள். மொழிக்கும் அதுதானே? ஆறு மாதத்தில் எந்த மொழியின் ஒலியையும் பிரித்தறிகிற குழந்தை, ஒரு வயதில் வீட்டு மொழிக்குள் சுருங்கிவிடுகிறது. ஆங்கிலம் இப்போதே காதில் விழ வேண்டாமா?

ஜம்பட்டா வீதி:
விழட்டும், ஒரு ஆளின் வாயிலிருந்து. சியாட்டிலில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் 12 தடவை நேரில் வந்து விளையாடினார்கள். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதையே ரீவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. 2003 இல் வந்த ஆய்வு. மாமி முருங்கைக்காய் நறுக்கும்போது பிள்ளை ஒரு துண்டை இழுக்கும். 'இது என்ன? எங்க, தாங்கோ பாப்பம்' என்பா. பிள்ளை ஏதோ மழலையில் சொல்லும், மாமி அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பா. சியாட்டிலில் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

மழைக்குருவி:
எல்லார் வீட்டிலும் மாமி இல்லைத் தம்பி. நானும் அவரும் காலையில் வெளிக்கிட்டால் திரும்ப இரவாகிவிடும். பிள்ளை பார்க்கிற அம்மாவுக்குச் சமையலும் இருக்கிறது, போனைக் கையில் கொடுத்துவிடுவா. இரண்டு வயதில் ஒரு நாளைக்குத் திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. எங்கள் வீட்டில் அது காலைச் சாப்பாட்டோடேயே முடிந்துவிடும். அதைவிட வகுப்பு மேல்.

ஜம்பட்டா வீதி:
அது நியாயமான காரணம். அப்படியென்றால் 'பிள்ளை பார்க்கும் இடம்' என்று பலகை போடட்டும். மூளை, மூளை என்று ஏன் வெருட்டுகிறார்கள்?

கிளினிக் வரிசை:
சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை! இரும்புச்சத்தும் அயடீனும் குறைந்தால் எந்த வகுப்பும் ஈடுகட்டாது. கட்டணத்தில் பாதிக்கு மீனும் முட்டையும் வாங்குங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் பதிவேட்டைக் காட்டி, வளர்ச்சிப் படிகள் சரியா என்றும் கேளுங்கள்.

மழைக்குருவி:
சரி, அதுவும் செய்யட்டும். காலி வீதி அண்ணா, ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள் என்று போய்ப் பார்த்து எழுதுங்கள். ஐந்தாறு பேர் என்றால் எனக்கும் விலாசம் வேண்டும்.