மியூசியத்தில் திமிங்கலம் மட்டும்தான் ஞாபகம் இருக்காம்! பிள்ளைகளுக்குக் கலை காட்டிய அனுபவம் சொல்லுங்க

தண்டையார்பேட்டை அம்மா

பெரியவனுக்கு ஒன்பது வயசு, சின்னவளுக்கு ஆறு. லீவில் எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்களே என்று எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று கிளம்பினேன். "செத்த காலேஜுக்கா போறீங்க?" என்று கேட்டார் மாமியார். அவர் காலத்து ஆட்களுக்கு மியூசியம் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. கேட் பூட்டியிருந்தது. வெள்ளிதான் அங்கே வார விடுமுறை என்று விசாரிக்காமல் போனது என் தப்பு. வாசலில் ஐஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வந்தேன்.

அந்த ஞாயிறே மறுபடி போனோம். மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில் நான் டீச்சர் ஆகிவிட்டேன். இது திருவாலங்காட்டு நடராஜர், சோழர் காலம், இதைப் பார், அதைப் பார் என்று ஒரே பாடம். "அவருக்குக் கால் வலிக்காதாம்மா?" என்று பெரியவன் கேட்டதற்கு, "சும்மா இரு, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று அடக்கினேன். அதற்குப் பிறகு திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், மற்றதெல்லாம் காலி. வீட்டுக்கு வந்து, பார்த்ததை வரையுங்கள் என்றால் இரண்டு பேரும் திமிங்கலம்தான்.

எனக்கு ஒரே ஏமாற்றம். ஆனால் இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்க்கிறேன், பெரியவன் வாயில் பிரஷ்ஷோடு ஒற்றைக் காலில் நிற்கிறான். இடது காலை மடக்கிக் குறுக்கே தூக்கி, ஒன்று இரண்டு என்று எண்ணுகிறான். இருபதில் வாளி மேல் விழுந்தான். "இருபதுக்கே இப்படி வலிக்குது, அவரு எப்டிம்மா நிக்கிறாரு?" என்றான். அவன் கேட்டபோதே நான் பதில் சொல்லியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் எப்படி? கிளாஸில் சேர்த்ததைத் தவிர வேறு என்ன செய்தீர்கள்?

கொருக்குப்பேட்டை அப்பா

நாங்கள் எங்கேயும் தேடிப் போகவில்லை, தெருவிலேயே கிடைத்தது. பக்கத்து ஹார்டுவேர் கடை ஷட்டரில் பேர் எழுத ஒரு பெரியவர் வந்தார். பால் வாங்கப் போன என் பொண்ணு (பத்து வயசு) இரண்டு மணி நேரம் திரும்பவில்லை. தேடிப்போனால், நூலின் ஒரு முனையை இவள் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நூல் முழுக்க சாக்பீஸ் தூள். பெரியவர் நடுவில் இழுத்து விட்டதும் பட்டென்று ஷட்டரில் நேர்க்கோடு விழுந்தது. ஸ்கேலே இல்லாமல் கோடு வந்ததில் இவளுக்கு வாயெல்லாம் பல்.

எழுத்துக்கு அடியில் நிழல் போடும்போது அவர் சொன்னது எனக்கே புதுசு. "முதல்ல வெயில் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிக்கோ பாப்பா. அப்புறம் எல்லா எழுத்துக்கும் நிழல் அதுக்கு எதிர்ப்பக்கம்தான். ஒரு எழுத்து மாறினாலும் போர்டு பல்லிளிச்சிடும்." அன்றிலிருந்து இவளோடு கடைத்தெருவில் நடக்கவே முடியவில்லை. "அப்பா, இந்தக் கடையில ரெண்டு சூரியன் இருக்கு" என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறாள்.

அவர் ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்தவராம். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைச் சாப்பிட்டுவிட்டது. சின்ன போட்டோவை எப்படி அவ்வளவு பெரிய பேனர் ஆக்குவது என்று இவள் கேட்க, கட்டம் போடும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். போட்டோ மேல் சின்னக் கட்டம், பேனரில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருப்பதை மட்டும் பார்த்து வரைய வேண்டும், முகத்தைப் பார்க்கக்கூடாது. வீட்டுக்கு வந்து பாட்டி போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்டாள். நாலு காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, அதில் ஐந்து சென்டிமீட்டர் கட்டம். ஒரு வரிசை தப்பியதில் மூக்கு காதுப் பக்கம் போய்விட்டது. பாட்டிக்கு அந்தப் படத்தில் கோபமே இல்லை. பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

காசிமேட்டுக்காரி

கிளாஸ் பற்றிக் கேட்டீர்களே, என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். பையன் கடல் வரைந்தான், டீ கலரில். சொல்லிக்கொடுப்பவர் அது மேலேயே நீலம் அடித்து, "ஸீ ஈஸ் ப்ளூ" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். துறைமுகத்துக்குள் போட்டும் டீசலுமாகக் கிடக்கிற எங்கள் தண்ணீர் எந்த நாளில் நீலமாக இருந்தது? அவன் தினமும் பார்ப்பதைத்தானே வரைந்தான்! அதற்கப்புறம் மூன்று மாதம் கலர் பென்சிலையே தொடவில்லை. இப்போது அவன் அப்பா போட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கூடப் போகிறான். பேர் எழுத்துக்கு மஞ்சளா வெள்ளையா என்று கேட்டால், தூரத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வியாசர்பாடி ட்ராயிங் டீச்சர்

அந்த நீலத்துக்கு நானும் தலைகுனிகிறேன். ஆனால் கிளாஸையே திட்டாதீர்கள் சகோதரி. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிஷம். நான் பெயின்ட் பாக்ஸ் கேட்பதில்லை, எல்லோராலும் வாங்க முடியாது. தரையும் சாக்பீஸும் போதும்.

போன மார்கழியில் சிக்குக் கோலம் எடுத்தேன். நடு வரிசையில் ஏழு புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து நாலு வரை, இடுக்குப்புள்ளி (முன் வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் வைப்பது). பையன்கள் "அது பொம்பளப் புள்ளைங்க வேலை மிஸ்" என்று சுவரில் சாய்ந்துகொண்டார்கள். மொத்தம் எத்தனை புள்ளி என்று எண்ணாமல் சொல்லுங்கள் பார்க்கலாம் என்றேன். கையில் கணக்குப் போட்டு 37 என்று முதலில் சொன்னவன், சாய்ந்து நின்றவர்களில் ஒருவன்தான். பிறகு அவனே குந்தி உட்கார்ந்து, எடுத்த இடத்திலேயே கோடு வந்து முடிகிறதா என்று மூன்று தடவை அழித்துப் போட்டான். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் 1970களில் கோலத்தை வைத்துக் கணினி இலக்கணமே, அதாவது படத்தைக் கணினிக்குப் புரியும் விதிகளாக எழுதுவதை, ஆராய்ந்தார்கள் என்று சொன்னதும், "அப்போ இது கணக்கு மிஸ்" என்று நிம்மதியாகிவிட்டான். கலை என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டான்.

ஹவுசிங் போர்டு வீடுகளில் வாசல் எங்கே என்று கேட்பார்கள். காரிடார் இருக்கிறதே. ஈரத்துணியால் துடைத்தால் சாக்பீஸ் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பெரம்பூர் தாத்தா

நான் பி அண்டு சி மில்லில் லோடிங் பார்த்தவன். பேரனை பீச்சுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் உழைப்பாளர் சிலைப் பக்கம் ஒரு நடை போவது வழக்கம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். அவர் முதல்வராக இருந்த ஓவியக் கல்லூரி இப்போது பெரியமேட்டில் இருக்கிறது. டாக்டர் ஹன்டர் அதை 1850இல் ஆரம்பித்தது நம்ம பிராட்வேயில்தான். இதைச் சொன்னால் பேரன் கொட்டாவி விடுகிறான், சரி, போகட்டும்.

ஒரு தடவை, "முன்னாடி நின்னு போட்டோ எடுக்காதடா, பின்னாடி போய் பாரு" என்றேன். சுற்றி வந்தான். பாறையை நெம்புகிற நாலு பேரின் முதுகையும் குதிகாலையும் அப்போதுதான் பார்த்தான் போலிருக்கிறது. "தாத்தா, அந்த ஆளு காலப் பாரு, மண்ணுல பொதையுற மாதிரி ஊனியிருக்காரு. அவருக்குத்தான் எல்லார விடவும் கஷ்டம்" என்றான். லோடு தள்ளினவனுக்குத் தெரியும், பாரம் முதலில் காலில்தான் இறங்கும். இத்தனை வருஷம் நான் அந்த ஆட்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டேரி அத்தை

கோசப்பேட்டைக்குக் கூட்டிப்போங்கள். புரசைவாக்கத்துக்குப் பக்கம், குயவர்கள் தெரு. விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் போனால் வாசலெல்லாம் பிள்ளையார், நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை. சதுர்த்தி நெருக்கத்தில் மட்டும் வேண்டாம், அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள்.

என் அண்ணன் பொண்ணு அங்கே கொஞ்சம் களிமண் வாங்கி வந்து மொட்டைமாடியில் ஒரு யானை செய்தாள். வெயிலில் வைத்தோம், மறுநாள் விண்டுவிட்டது. அழுதுகொண்டே திரும்பக் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தன் பொம்மை ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே வெறும் கூடு. "கெட்டியா செஞ்சா மேல காஞ்சிடும், உள்ள ஈரம் நிக்கும், அப்புறம் வெடிக்கும்டா கண்ணு. நெழல்ல காய வை." இரண்டாவது யானை நின்றது. தும்பிக்கை மட்டும் கொஞ்சம் கோணல்.

திருவொற்றியூர் வாசி

ஒற்றியூர் கோயிலில் ஒரு விஷயம் உண்டு. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் காட்ட வேண்டியது. ஆதிபுரீசுவரர் சன்னிதியின் விமானம் பின்பக்கம் யானை முதுகு மாதிரி வளைந்திருக்கும். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் கட்டியது. கட்டிய தச்சரின் பேர் கல்வெட்டிலேயே இருக்கிறது: ரவி, பட்டப்பேர் வீரசோழத் தச்சன். பெரும்பாலான கோயில்களில் ராஜா பேர்தான் கிடைக்கும், செய்த கையின் பேர் கிடைக்காது.

"ரவின்னு என் கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான்பா" என்று என் பையன் விமானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது எது வரைந்தாலும் படத்தைவிடப் பெரிதாகத் தன் பேரை எழுதுகிறான். பட்டப்பேரோடு.

தண்டையார்பேட்டை அம்மா

எல்லோருக்கும் நன்றி. 37 புள்ளியை மாமியாரிடம் சொன்னேன். "இதுக்கு ஒரு டீச்சரா?" என்று கேட்டுவிட்டு அரிசி மாவை எடுத்துக்கொண்டு காரிடாருக்குப் போய்விட்டார். சின்னவள் பின்னாலேயே புள்ளியை மிதித்துக்கொண்டு போகிறாள்.

ஞாயிறு காலை கோசப்பேட்டை போகிறோம். பக்கத்தில் யாராவது வருகிறீர்களா? லீவு நாள் எதுவும் இல்லையே என்று இந்தத் தடவை முதலிலேயே விசாரித்துவிட்டேன்.