காமிக் கானுக்குப் போய் வந்தால் காய்ச்சல் நிச்சயமா? வீட்டில் கீமோ எடுக்கும் மாமனார் இருக்கிறார்

எடிசன்_அம்மா:
வணக்கம், நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 16 வயது. அக்டோபரில் ஜாவிட்ஸ் சென்டரில் நடக்கிற நியூயார்க் காமிக் கானுக்கு (காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் பெரிய விழா) வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளுக்கும் டிக்கெட் வாங்கிவிட்டாள், அதுவும் சேர்த்து வைத்த பிறந்தநாள் காசில். போன வருடம் ஒரே ஒரு நாள்தான் போனாள். செவ்வாய்க்கிழமை தொண்டை வலி, புதன்கிழமை 102 காய்ச்சல், அடுத்த வாரம் எனக்கு, அப்புறம் அவள் தம்பிக்கு. அவளுடைய சிநேகிதர்கள் இதற்குக் 'கான் க்ரட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், ஏதோ கோயில் பிரசாதம் மாதிரி சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இந்த வருடம் அப்படிச் சிரிக்க முடியாது. ஜூலையிலிருந்து மாமனார் எங்களோடு இருக்கிறார், கீமோ நடக்கிறது. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, அங்கே ஒரு கதாபாத்திர வேடத்தில் போக, ஆறு மாதமாக ஃபோம் வெட்டி ஒட்டி ஒரு கவசம் செய்துகொண்டிருக்கிறாள். தோழியின் அக்கா துணையோடு ஐந்து பேர் ஒரே ஓட்டல் அறையில் தங்குவதாகத் திட்டம். மாஸ்க் போட்டால் போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பல்லி:
பயம் நியாயமானதுதான். 2009 செப்டம்பரில் சியாட்டிலில் நடந்த பாக்ஸ் என்ற வீடியோ கேம் விழாவுக்குப் போனவன் நான். பன்றிக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம், தடுப்பூசி அக்டோபரில்தான் வந்தது. திரும்பி வந்த சில நாட்களில், சுமார் 100 பேருக்கு உறுதியாகியிருக்கிறது என்று நடத்தியவர்களே அறிவித்தார்கள். ஒரே கன்ட்ரோலரை நூறு கை பிடிக்கிறது, கத்திக் கத்திப் பேசுகிறோம், தூக்கம் கிடையாது, வேறென்ன நடக்கும்? எனக்கு வரவில்லை, அது அதிர்ஷ்டம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சும்மா_சொல்றேன்:
இதெல்லாம் கொஞ்சம் ஓவர். பள்ளிக்கூடத்தில் வராததா, சப்வேயில் வராததா? கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல் வரத்தான் செய்யும்.

குயின்ஸ்வாசி:
வரும்தான். ஆனால் எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டாமா? இதே ஜாவிட்ஸில் 2021 நவம்பர் 19 முதல் 21 வரை அனிமே என்.ஒய்.சி. என்ற ஜப்பானிய கார்ட்டூன் ரசிகர் விழா நடந்தது, சுமார் 53,000 பேர். அதற்குப் போய்விட்டு மினசோட்டா திரும்பிய ஒருவருக்கு ஒமிக்ரான் வகைக் கொரோனா என்று தெரிந்தது, அமெரிக்காவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அரங்கமே நோய்க்கூடமாகிவிட்டது என்று எல்லோரும் அலறினார்கள். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. விசாரித்தபோது தெரிந்தது வேறு. சோதனை முடிவு தெரிந்த 4,560 பேரில் 119 பேருக்குத்தான் தொற்று, அதாவது 2.6 சதவீதம். அந்த நேரத்தில் ஊரில் இருந்த அளவை விட அதிகம் என்று சொல்ல முடியாது. அப்போது உள்ளே மாஸ்க் கட்டாயம், ஒரு டோஸ் தடுப்பூசியாவது கட்டாயம், காற்றை வடிகட்டும் ஏற்பாடும் இருந்தது.

இப்போது அந்த ஆளோடு ஐந்து நாள் சேர்ந்து சுற்றிய நண்பர் கூட்டத்தைப் பாருங்கள். விசாரிக்க முடிந்த 23 பேரில் 16 பேருக்குத் தொற்று! 23 பேருமே தடுப்பூசி போட்டவர்கள். யாரும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கவில்லை என்பது ஆறுதல். பொதுவாகவே, தொற்று வந்தவர்கள் பாருக்கும் கரோக்கேக்கும் போனதும், உள்ளே உட்கார்ந்து பக்கத்தில் ஆள் இருக்கச் சாப்பிட்டதும் அதிகம் என்று அந்த விசாரணையிலேயே வந்தது.

அதனால் அக்கா, எனக்கு அரங்கத்தை விட அந்த ஐந்து பேர் அறைதான் பயமாக இருக்கிறது. நாள் முழுக்க மாஸ்க் போட்டுவிட்டு ராத்திரி ஜன்னல் திறக்காத அறையில் ஐந்து பேர் எட்டு மணி நேரம் மூச்சு விட்டால் போட்ட மாஸ்க்குக்கு என்ன அர்த்தம்? எடிசன் பக்கம்தானே, ரயிலில் தினமும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பென் ஸ்டேஷனிலிருந்து அரங்கம் நடக்கிற தூரம்.

காஸ்ப்ளே_சித்தி:
குயின்ஸ்வாசி சொல்வது சரி, ஆனால் 2021-இல் இருந்த கட்டாயம் எதுவும் இப்போது இல்லை, அதை மறக்காதீர்கள். அந்த 2.6-ஐ இந்த வருடக் கூட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

பத்து வருடமாகப் போகிறவளாகச் சொல்கிறேன். ஃப்ளூ ஊசியை செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள், வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். துணி மாஸ்க் வேண்டாம், என்95 இல்லை கேஎன்95. சாப்பாடு வெளியே தெருவில் நின்றுகொண்டு. ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு, குளியலைத்தான் பலபேர் மறந்துவிடுகிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் சரிவராது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மாமனார் விஷயத்தில் அவருடைய டாக்டரிடம் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் கீமோவுக்குப் பிறகு 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணு மிகவும் குறையும். அந்த நாட்களில் கான் வந்து விழுகிறதா என்று பாருங்கள். ஒருவேளை வீட்டில் யாருக்காவது ஃப்ளூ வந்தால் அவருக்கு முன்கூட்டியே மாத்திரை தர முடியுமா என்றும் இப்போதே கேட்டு வையுங்கள், அதைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். ஞாயிறு இரவு திரும்பியதும் ஒரு கொரோனா ராபிட் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அது ஒன்றும் சொல்லாது. செவ்வாய், அப்புறம் வியாழன் எடுங்கள்.

எடிசன்_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவளிடம் பேசினேன், இல்லை, முதலில் சண்டை, அப்புறம்தான் பேச்சு. ஓட்டல் கிடையாது, தினமும் ரயில். கான் முடிந்த வாரம் மாமனார் கொழுந்தன் வீட்டில் இருப்பார், அங்கே சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை. தாத்தாவைக் காரணம் காட்டி அனுப்புகிறாயே என்று அவளுக்கு வருத்தம், தாத்தாவோ போட்டோ மட்டும் நிறைய அனுப்பு என்றார். இப்போது புதுச் சிக்கல்: கவசத்தின் தலைக்குள் என்95 போட்டுப் பார்த்தாள், மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிகிறது. என்ன செய்வது?

காஸ்ப்ளே_சித்தி:
மாஸ்க்கின் மேல் விளிம்பை மூக்கோடு சேர்த்து மெடிக்கல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். தலைக்கவசத்தின் பின்பக்கம் யாருக்கும் தெரியாத இடத்தில் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டால் வேர்வையும் குறையும். எந்தக் கதாபாத்திரம் என்று சொல்லவே இல்லையே?