சிறு பிள்ளைகளுடன் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். அரையாண்டு விடுமுறையில் ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு, கும்பகோணத்தில் தங்கி, தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் காட்டிவர எண்ணியுள்ளோம். தஞ்சைப் பெரிய கோயில் அவர்களுக்குப் பழகிய இடம். 1010-இல் கட்டி முடிக்கப்பட்டது என்றால் மகளுக்குப் பிடிபடுவதில்லை, நந்தியைத்தான் சுற்றிச் சுற்றி வருவாள். ஆகவே, ஒரே தலை யானையாகவும் காளையாகவும் தோன்றும் சிற்பம், குதிரைகள் இழுக்கும் தேர்போல் அமைந்த மண்டபம் என விரல் நீட்டிக் காட்டத்தக்கவை நிறைந்த தாராசுரத்துக்கே கூடுதல் நேரம் ஒதுக்க விரும்புகிறேன். (மாமியாரும் உடன் வருவதால் சன்னதி தரிசனம் தவறக் கூடாது.)

மழைக்காலத்தில் தாராசுரம் கோயிலின் முன்புறத் தாழ்வான பகுதியில் நீர் தேங்கும் என்பதால், டிசம்பர் இறுதியில் அங்கு நிலைமை எப்படி இருக்கும்? காலையில் அதை முடித்து, நடை சாத்தியிருக்கும் வேளையில் பிள்ளைகளை உறங்கவைத்து, மாலையில் சுமார் 35 கி.மீ. தொலைவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் செல்வதை அவர்கள் தாங்குவார்களா, அல்லது மறுநாளுக்கு வைப்பது நல்லதா? இரு கோயில்களின் அருகிலும் தூய்மையான கழிப்பறையும், காரமில்லாத உணவு கிடைக்கும் கடையும் உண்டா? அண்மையில் குழந்தைகளுடன் சென்றுவந்தவர்கள் தெரிவித்தால், அதற்கேற்ப அறையை ஓரிரவுக்கோ ஈரிரவுக்கோ பதிவு செய்துகொள்வேன்.