மடிப்புக் கதையாடல்: பாதியில் மறுபடி தொடங்கும் படங்களுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்,

தாய்லாந்து இயக்குநர் அபிசாத்போங் வீரசேதகுலைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே, "படம் நடுவில் நின்று, அதே நடிகர்களோடு வேறொன்றாகத் தொடங்குமே, அந்த அமைப்பு" என்று ஒரு முழு வாக்கியம் செலவாகிறது. அதற்குத்தான் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஓவியத்திலிருந்து 'டிப்டிக்' (இரண்டு பலகைகளை இணைத்த ஓவியம்) என்பதை எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே நண்பர்கள் சொன்ன சொற்களில் 'இருபகுதிக் கதை' போதாது. இடைவேளை விடுகிற எல்லாப் படமும் நமக்கு இருபகுதிதான். 'மறுபிறவிக் கதையாடல்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மறுபிறவியையே பொருளாகக் கொண்ட 'அங்கிள் பூன்மீ'யில் (2010) இந்த அமைப்பு இல்லையே! கதை எதைப் பற்றியது என்பதையும் எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் அது குழப்பிவிடும். 'பிளவுக் கதையாடல்' பரவாயில்லை, ஆனால் பிளந்தவை தனித்தனியாகப் போய்விடும், இவை போவதில்லை.

'ட்ராபிகல் மாலடி'யை (2004) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் கெங் என்ற சிப்பாய்க்கும் தோங் என்ற கிராமத்து இளைஞனுக்கும் காதல். ஒரு ராத்திரி தோங் இருட்டுக்குள் நடந்து போய்விடுகிறான், கொஞ்ச நேரத்தில் திரை கறுக்கிறது, புதுத் தலைப்பு வருகிறது, அப்புறம் கெங்காக நடித்தவரே சிப்பாயாகக் காட்டில், புலியாக உருமாறும் ஆவியைத் தேடி அலைகிறார். ஆவியாக வருபவர் தோங்காக நடித்தவர். போன காதலைத் தேடுகிறானா, கனவு காண்கிறானா, படம் சொல்வதில்லை. 'சின்ட்ரோம்ஸ் அண்ட் எ செஞ்சுரி'யில் (2006) கிராமத்து மருத்துவமனையில் நடந்த அதே நேர்காணல் பாங்காக் மருத்துவமனையில் கோணம் மாறி மறுபடி நடக்கிறது. இயக்குநரின் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். அவர்கள் காதலிப்பதற்கு முந்தைய காலத்திலிருந்து பிறந்த படம் அது. நினைவு இரண்டாம் தடவை வரும்போது கொஞ்சம் வேறாகத்தானே வரும்.

அதனால் 'மடிப்பு' என்கிறேன். மை காயாத தாளை மடித்தால் ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் தலைகீழாக, அரைகுறையாக ஒட்டுமே, அது. கூட்டுச்சொல்லும் சுலபமாக வருகிறது: மடிப்புப் படம், முன்மடிப்பு, பின்மடிப்பு. திரை கறுக்கும் அந்தக் கணம் 'மடிப்புக்கோடு'. 'பிளிஸ்ஃபுல்லி யுவர்ஸ்' (2002) படத்தில் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது, அந்த இடத்தையும் இதே சொல்லால் சுட்டலாம். 'இருமடி' வேண்டாம், இரண்டு மடங்கு என்ற பொருள் முந்திக்கொள்ளும்.

புவியியலில் 'மடிப்பு மலை' இருக்கிறது, தெரியும். துறை வேறு என்பதால் இடிக்காது என்று நினைக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்.