கார்புரேட்டரைப் பிரிக்கறதா, தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டறதா? புல்லு வெட்டற மிஷின் பஞ்சாயத்து

பெருந்துறை வரப்பு

வணக்கமுங்க. 52 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். மாசி மாசம் ஓட்டி நிறுத்துனது, டேங்க்ல கால்வாசி பெட்ரோல் அப்படியே கெடந்துருச்சு. ஆகஸ்ட் 15 கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி உடறதுக்குள்ள வரப்பு முச்சூடும் வெட்டியாகணும். இப்ப சோக் போட்டு இழுத்தா ரெண்டு தடவை டப்பு டப்புன்னுட்டு நின்னுக்குது. சோக்கை எடுத்துட்டா அந்தச் சத்தமும் இல்லை. புது பிளக் போட்டாச்சு. கடையில "கார்புரேட்டர் போச்சு, புதுசு மாட்டிருங்க"ங்கறாங்க. வீட்டுல பிரிச்சுப் பாக்கலாமா, பேசாம மாத்திரலாமா?

ஈரோடு ஸ்பேர்ஸ்

மாத்திருங்க. ரெண்டு போல்ட், ரெண்டு ஹோஸ், ஒரு ஆக்ஸிலேட்டர் கேபிள், 20 நிமிஷ வேலை. பிரிக்க உக்காந்தா காலையில ஆரம்பிச்சது பொழுது சாயற வரைக்கும் முடியாது. அதுல இருக்கற ஸ்க்ரூ அலுமினியத்துல ஏறுனது, சரியான முனை இல்லாத ஸ்க்ரூ டிரைவர்ல திருகுனா தலை வழுக்கிரும். உள்ள ஒரு பொடி ஸ்பிரிங்கு இருக்குது, தெறிச்சு மண்ணுல உழுந்தா தேடியே பொழுது போயிரும். வரப்பு வெட்ட ஆளு உட்டா ஒரு நாள் கூலி என்னன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

காங்கேயம் கொறங்காடு

ஏனுங்ணா, இன்னும் கார்புரேட்டர்தான் குத்தவாளின்னு முடிவே ஆகலை, அதுக்குள்ள தூக்குல போடறீங்க.

சோக் போட்டா ரெண்டு தடவை எரியுதுன்னா கரண்டும் இருக்குது, கம்ப்ரஷனும் ஓரளவு இருக்குதுன்னு அர்த்தம். சோக் காத்தை அடைக்கறதால பெட்ரோலை இழுத்துக் குடிக்குது, எடுத்தா பட்டினி. அப்ப பெட்ரோல் வரத்துலதான் கோளாறு. உறுதிப்படுத்த பிளக்கைக் கழட்டி, ஆயில் கலந்த பெட்ரோல் அரை டீஸ்பூன் ஓட்டைக்குள்ள உட்டுத் திருப்பி மாட்டி இழுங்க. மூணு நொடி நல்லா ஓடி நின்னா, கார்புரேட்டருக்கு முன்னாடியோ உள்ளயோதான் அடைப்பு. இதை மிஷின் சூடா இருக்கறப்ப பண்ணாதீங்க. சிந்துனதைத் துடைச்சுட்டு இழுங்க.

அடுத்தது பிரைமர் குமிழ், அதாவது கையால அமுக்கி பெட்ரோலை ஏத்தற ரப்பர் குமிழ். எட்டுப் பத்து தடவை அமுக்குனா பெட்ரோல் ஏறி, குமிழ் கெட்டியாகணும். காத்துக் குமிழியாவே வந்துட்டிருந்தா டேங்க்குக்குள்ள போற ஹோஸ்ல கீறல் இருக்குது. அமுக்குன குமிழ் உப்பாம ஒட்டிக்கிட்டே இருந்தா ஃபில்டர் அடைப்பு. டேங்க்குக்குள்ள ஹோஸ் நுனியில கெடக்கற குண்டு ஃபில்டரைக் கம்பிக் கொக்கியில வெளிய இழுத்துப் பாருங்க. டேங்க் மூடியில காத்துத் துவாரம் அடைச்சிருந்தாலும் இதே ஆட்டந்தான், ஆனா அப்ப பத்து நிமிஷம் ஓடிட்டு நிக்கும்; மூடியைத் தளர்த்துனதும் மறுபடி ஓடும். உங்களது ஆரம்பத்துலயே நிக்கறதால மூடி மேல சந்தேகம் கம்மி.

இதெல்லாம் சரின்னா அப்பறம் பிரிங்க. ஸ்பேர்ஸ் அண்ணன் சொல்றாப்ல அது பூதமொண்ணும் இல்லை. ஒரு பக்கம் நாலு ஸ்க்ரூ, பெட்ரோலை அளந்து உடற மீட்டரிங் டயாஃப்ரம் (மெல்லிசு சவ்வு). மறுபக்கம் ஒத்தை ஸ்க்ரூ, பெட்ரோலை இழுக்கற பம்ப் டயாஃப்ரம். டயாஃப்ரம் வெரல்ல தொட்டா துணியாட்ட தொளதொளன்னு இருக்கணும். காகிதமாட்ட வெறைச்சு, அமுக்குனா 'டிக்'ன்னு சத்தம் வந்தா அதுதான் பட்டினிக்குக் காரணம். கிட் (புது டயாஃப்ரம் எல்லாம் சேர்ந்த செட்டு) வாங்கிப் போட்டா முடிஞ்சுது.

ஈரோடு ஸ்பேர்ஸ்

கிட் போட்டா முடிஞ்சுதுன்னு சொல்றது சுலபம். திருப்பி மாட்டறதுலதான் எல்லாரும் உழுவறாங்க. மீட்டரிங் பக்கம் முதல்ல பேக்கிங் (கசியாம இருக்க நடுவுல வெக்கற மெல்லிசு அட்டை), அதுக்கு மேல டயாஃப்ரம். பம்ப் பக்கம் பெரும்பாலும் அதுக்குத் தலைகீழ்: முதல்ல டயாஃப்ரம், மேல பேக்கிங். பிரிக்கறப்பவே போட்டோ எடுக்காம உட்டா மாத்தி வெச்சுருவாங்க, அப்பறம் "கிட்டு டூப்ளிகேட்"ம்பாங்க.

நீடில் லீவர், அதாவது பெட்ரோல் வர்ற ஓட்டையைத் தெறந்து மூடற ஊசியைத் தூக்கற நெம்புகோல், அதோட உசரம் இன்னொரு தலைவலி. சில மாடல்ல லீவர் நுனி உள்பள்ளத்தோட தரை மட்டத்துல இருக்கணும், சிலதுல உடம்போட மேல்விளிம்புல இருந்து ஒண்ணரை மில்லி கீழ இருக்கணும். மேல தூக்கிட்டா நீடில் தெறந்தே இருந்து பெட்ரோல் பொங்கும், கீழ எறக்கிட்டா பட்டினி. வீட்டுல இருக்கற ஆளு எதை வெச்சு அளப்பாரு?

காங்கேயம் கொறங்காடு

பிரிக்கறதுக்கு முன்னாடி இருந்த உசரத்தையே வெச்சுக்கலாம், வெர்னியர் இல்லாட்டி ஸ்கேலைக் குறுக்க வெச்சு பார்த்தாப் போதும். அதுவரைக்கும் ஓடிட்டிருந்த மிஷினுங்க. லீவர் தானா வளையாது.

ரெண்டு எச்சரிக்கை மட்டும். ஜெட் ஓட்டையில (பெட்ரோல் அளவா வர்ற பொடி ஓட்டை) கம்பி உட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிரும். பஞ்சர் கடைக் கம்ப்ரஷர் காத்தை மெயின் நாசில் (பெட்ரோல் பீச்சற முனை) பக்கம் நேரா அடிக்காதீங்க. அதுல ஒரு சின்ன ஒருவழி வால்வு இருக்குது, அது பிச்சுக்கிட்டா ஐடில்ல (ரேஸ் குடுக்காம மெதுவா ஓடறப்ப) எஞ்சின் நிதானமா ஓடவே ஓடாது, அப்ப நெசமாவே புது கார்புரேட்டர்தான். கிளீனர் ஸ்ப்ரேயும் டயாஃப்ரத்தை எடுத்து அக்கட்ட வெச்சுட்டுத்தான் அடிக்கணும். மாட்டுனதுக்கு அப்பறம் பெட்ரோல் வர்ற முனையில சின்ன கைப்பம்பும் பிரஷர் கேஜும் மாட்டி 7 பிஎஸ்ஐ ஏத்துங்க. முள்ளு எறங்காம நின்னா நீடில் நல்லா உக்காந்திருக்குது.

பொள்ளாச்சி அம்மணி

பிரிப்பதா மாற்றுவதா என்று சண்டை போடுகிறீர்கள். அஞ்சு மாதம் டேங்க்கில் கிடந்த பெட்ரோலைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அதைக் கொட்டாமல் புது கார்புரேட்டர் மாட்டினால் அடுத்த வருஷம் அதுவும் இதே கதிதான்.

நம் பங்க்குகளில் இப்போது வருவது ஈ20. ஒரு லிட்டரில் 200 மில்லி வரை எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ், பிரைமர் குமிழ், டயாஃப்ரம் எல்லாவற்றையும் அது சீக்கிரம் கெடுக்கும். அதோடு எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய அளவில் வைத்த ஜெட்டில் கலவை மெலிந்து போகும், அதாவது காற்றுக்குத் தக்க பெட்ரோல் இருக்காது. மெலிந்தால் எஞ்சின் அதிகம் சூடாகும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உரசிப் பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

பல்லடம் தறி

அம்மணி சொல்றது சரி. அதுக்கு வழி இருக்குது: பெட்ரோல்ல தண்ணி ஊத்திக் குலுக்குனா எத்தனால் தண்ணியோட கீழ போயிரும். மேல நிக்கறதை மட்டும் எறுத்து ஓட்டுங்க. செலவே இல்லை.

பொள்ளாச்சி அம்மணி

அந்தச் சோதனை சரி, அந்த வைத்தியம் தப்பு. அளவு போட்ட கண்ணாடிக் குழாயில் 20 மில்லி தண்ணீர், 80 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைத்தால், ஈ20 என்றால் கீழ் அடுக்கு 36-க்குப் பக்கம் ஏறும். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஓட்டுவதற்குக் கழுவினால் என்ன ஆகும்? ஆக்டேனை (எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மையை) தூக்கி நிறுத்துவதில் அந்த எத்தனாலுக்குப் பங்கு உண்டு. அது போனால் மிச்சம் நிற்கும் பெட்ரோலில் எஞ்சின் தட்டலாம். கழுவிய பெட்ரோலில் தண்ணீர்ப் பொட்டு ஒன்றிரண்டு தங்கினாலும் மீட்டரிங் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், பெட்ரோல் நகராது. இன்னொன்று, ஒரு லிட்டர் கழுவினால் கையில் நிற்பது 800 மில்லிதான். ஒரு லிட்டர் என்று நினைத்து ஆயில் அளந்தால் விகிதமும் கோணல். அந்தக் கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? கிணற்று மேட்டிலா? அந்த ஆவிக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும்.

காங்கேயம் கொறங்காடு

கழுவக் கூடாதுங்கறதுல அம்மணி பக்கந்தான் நானும். ஆனா எல்லாப் பழியையும் எத்தனால் தலையில கட்டறது நியாயமில்லீங்க. எத்தனால் எச்சா இருக்க இருக்க, பிரியாம அதிகத் தண்ணியைத் தாங்கும். அந்த வகையில ஈ10-ஐ உட ஈ20 சீக்கிரம் பிரியாது. மூடி இறுக்குன டேங்க்ல வெய்யக்காலம் அஞ்சு மாசம் நின்னதுக்குத் தண்ணி பிரிஞ்சிருக்கும்னு நம்ப முடியலை. நடந்தது வேற: லேசான பங்கு ஆவியாப் போயிருச்சு, மிச்சம் பசையாட்டம் சின்ன ஓட்டைகள்ல ஒட்டிக்கிச்சு, கூட 2டி ஆயிலும் (பெட்ரோல்ல கலக்கற டூ ஸ்ட்ரோக் ஆயில்) தேங்கி நிக்குது. எத்தனால் இல்லாத காலத்துலயும் இது நடந்ததுதான்.

சந்தேகம்னா டேங்க் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டல்ல புடிச்சு ராத்திரி முழுக்க வெச்சுப் பாருங்க. அடியில தனி அடுக்கு தெரிஞ்சா அம்மணி செயிச்சாங்க. அது மட்டும் தெரிஞ்சா மிஷினை ஓட்டவே ஓட்டாதீங்க. ஆயில் மேல் அடுக்குலயே நின்னுக்கும், ஆனா டேங்க் அடியில கெடக்கற ஃபில்டர் கீழ் அடுக்கைத்தான் உறிஞ்சும். ஆயிலே இல்லாம ஓடுனாப்ல ஆயிரும்.

ஈரோடு ஸ்பேர்ஸ்

ஆயில்னதும் ஞாபகம் வருது. எத்தனைக்கு எத்தனை கலக்கறீங்க? 50:1-ங்கறாங்க எல்லாரும். அது லிட்டருக்கு 20 மில்லி. இந்த 52 சிசி மிஷின் நெறையதுல 25:1-ன்னுதான் டேங்க்லயே போட்டிருப்பாங்க, அது 40 மில்லி. டேங்க்ல போட்டிருக்கறதையே கலக்குங்க. மருந்துக்கடையில 20 மில்லி சிரிஞ்சு ஒண்ணு வாங்கிட்டா மூடியால அளக்கற பழக்கம் போயிரும். ஃபோர் ஸ்ட்ரோக் வெச்சிருக்கறவங்க, ஹோண்டா ஜிஎக்ஸ்35 மாதிரி, பெட்ரோல்ல சொட்டு ஆயிலும் கலக்காதீங்க. அந்த ஜிஎக்ஸ்35-க்கு எஞ்சினோட கிரேங்க் கேஸ்ல தனியா 100 மில்லி ஆயில்.

கார்புரேட்டர் விசயத்துல என் பேச்சு மாறலை. கிட்டுக்கும் ஸ்ப்ரேக்கும் செலவு பண்ணி, ரெண்டு வாட்டி பிரிச்சு மாட்டி, கடைசியில புதுசு வாங்கறவங்கதான் எச்சு.

காங்கேயம் கொறங்காடு

புதுசு மாட்டியும் ஓடாம திருப்பிக் கொண்டு வர்றவங்களும் எச்சுதானுங்களே! அதுக்குக் காரணம் சொல்லுங்க பாக்கலாம்.

ஈரோடு ஸ்பேர்ஸ்

சொல்றேன், இதை ஒளிக்க என்ன இருக்குது. பல்ஸ் ஓட்டை. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல கறுப்பு இன்சுலேட்டர் இருக்குதல்ல, அதுல பெரிய ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை. கிரேங்க் கேஸ் அழுத்தம் அந்த வழியா வந்துதான் பம்ப் டயாஃப்ரத்தை ஆட்டுது. பேக்கிங்கைத் தலைகீழா வெச்சா அந்த ஓட்டை அடைஞ்சுக்கும், புது கார்புரேட்டரும் சோக்ல ரெண்டு டப்போட சரி. ரெண்டு பேக்கிங்கையும் வெளிச்சத்துல பிடிச்சு ஓட்டைக்கு ஓட்டை சேருதான்னு பாத்துட்டு மாட்டுங்க.

பெருந்துறை வரப்பு

எல்லாருக்கும் நன்றிங்க. சொன்னபடி பாத்தேன். பாட்டல்ல அடுக்கு எதுவும் பிரியலை, நெறம் மட்டும் தேன் கலருக்கு மாறி நாத்தம் அடிக்குது. அரை டீஸ்பூன் உட்டதுக்கு நல்லா ஓடி நின்னுது. பிரைமர்ல குமிழி குமிழியா காத்து வந்துது. இழுத்துப் பாத்தா டேங்க் ஓட்டையில நுழையற எடத்துல ஹோஸ் வெடிச்சுக் கெடக்குது. ரெண்டு ஹோஸையும் மாத்தியாச்சு, இப்ப பிரைமர் கெட்டியாவே ஆக மாட்டேங்குது, டேங்க்ல காத்துதான் குமிழியா வருது.

ஈரோடு ஸ்பேர்ஸ்

ஹோஸை மாத்திப் போட்டுட்டீங்க. குமிழ்ல குட்டை முனை கார்புரேட்டர்ல இருந்து உறிஞ்சறது, நீளமான முனை டேங்க்குக்குத் திருப்பி அனுப்பறது. ஃபில்டர் மாட்டுன ஹோஸ் கார்புரேட்டருக்குத்தான் போகணும், குமிழுக்கு இல்லை.

பெருந்துறை வரப்பு

ஆமாங்ணா, அதேதான். மாத்துனதும் அஞ்சாவது அமுக்குல குமிழ் கெட்டியாயிருச்சு. மூணாவது இழுப்புல ஓடுது. ஆனா ஐடில்ல பிளேடு சுத்திட்டே இருக்குது, ரேஸ் குடுத்தா கொஞ்சம் முக்குது.

காங்கேயம் கொறங்காடு

முதல்ல அஞ்சு நிமிஷம் ஓட்டி சூடு பண்ணுங்க. ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சங் கொஞ்சமா தளர்த்துங்க. பிளேடு நிக்கணும், எஞ்சின் நிக்கக் கூடாது. ரேஸ்ல முக்கறதுக்கு எல் ஸ்க்ரூவை (L, மெதுவா ஓடறப்ப பெட்ரோல் அளவு) எட்டுல ஒரு சுத்து வெளிய எடுத்துப் பாருங்க. எச் ஸ்க்ரூ (H, வேகமா ஓடறப்ப பெட்ரோல் அளவு) இருந்தா சத்தம் அழகா இருக்குதுன்னு உள்ள திருகிராதீங்க, அம்மணி சொன்ன மெலிவு அங்கதான் வரும். ஐடில் எவ்வளவு எறக்கியும் பிளேடு நிக்காட்டி கிளட்ச் ஸ்பிரிங்கு தளர்ந்திருக்குது, அதை மாத்தாம வரப்புல எறங்காதீங்க.

பொள்ளாச்சி அம்மணி

பழைய பெட்ரோலை என்ன செய்தீர்கள்? திரும்ப டேங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். பிசின் ஒட்டிய பிளேடு துடைக்க அது ஆகும். வேலை முடிந்து வைக்கும்போது டேங்க்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

ஈரோடு ஸ்பேர்ஸ்

காலியா வெச்சா டயாஃப்ரம் காஞ்சு வெறைச்சிரும்னு சொல்றவங்களும் இருக்காங்க அம்மணி. அதைத் தனியா ஒரு நாள் பேசிக்கலாம், இப்ப அவரு வரப்பு வெட்டட்டும்.