சிப்ஸ் பொட்டலமும் குச்சிக்கிழங்கும்: தராசில் வைத்துப் பார்த்தேன்

ஆத்தூரான்:

பத்தாவது படிக்கும் மகளோடு எனக்கு வந்த வழக்கு இது. மரவள்ளி சிப்ஸ் பொட்டலத்தின் பின்பக்கத்தைக் காட்டி, “100 கிராமில் 530 கலோரி அப்பா. பச்சைக் கிழங்கில் 160தான். மூன்று மடங்குக்கு மேல்!” என்றாள். எனக்கு எங்கேயோ இடித்தது. கிழங்கில் பாதிக்கு மேல் தண்ணீர். சிப்ஸிலோ தண்ணீர் ஏறக்குறைய இல்லை. இரண்டையும் நூறு நூறு கிராமாக வைத்துப் பேசினால் அது என்ன நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் குச்சிக்கிழங்கு வாங்கினேன் (எங்கள் பக்கம் மரவள்ளிக்கு அதுதான் பெயர்). மேல்தோலையும் அதற்கு அடியிலுள்ள தடித்த பட்டையையும் உரித்து, சரியாக 1 கிலோ நிறுத்து, சிப்ஸ் கட்டையில் சீவினேன். எண்ணெய்ச் சட்டியை வறுப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்ததைப் பார்த்து மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சிப்ஸ் 560 கிராம் தேறியது. எண்ணெய் 150 கிராம் குறைந்திருந்தது.

அதாவது 100 கிராம் கிழங்கு 15 கிராம் எண்ணெயைக் குடித்து 56 கிராம் சிப்ஸாகிறது. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, ஆக 135. கிழங்கின் 160ஐச் சேர்த்தால் 295. இரண்டு மடங்குகூட இல்லை. கூடிய அத்தனையும் எண்ணெயின் வேலை.

மகள் கணக்கை ஒப்புக்கொண்டாள். ஆனால், “56 கிராமோடு யார் நிறுத்துகிறார்கள்?” என்று கேட்டாள். பதில் சொல்லலாம் என்று பார்த்தால் தட்டு காலி.

நாஞ்சில் மருமகள்:

அண்ணா, பச்சைக் கிழங்குக்குப் போட்டிருக்கும் கலோரிக் கணக்கை நம்பி யாரும் அதைப் பச்சையாகக் கடித்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் மரச்சீனி என்போம். அதில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கினாலோ வெட்டுப்பட்டாலோ அதிலிருந்து சயனைடு பிரியும். கசப்பு ரகங்களில் மிக அதிகம்.

கல்யாணமான புதிதில், அவித்த தண்ணீரை மாமியார் கொட்டப் போனபோது, சத்து வீணாகிறதே என்று அதில் ரசம் வைக்கப் பார்த்தேன். கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிவிட்டார். மூடாமல் வேகவைக்க வேண்டும், முதல் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பது அவருடைய சட்டம். காரணம் கேட்டால், “கிறுகிறுக்கும்” என்ற ஒரே சொல்தான். நச்சு தண்ணீரில் கரைந்தும் ஆவியோடும் போய்விடுகிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

கூடவே மத்திக் குழம்பு வைப்பதும் வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. 100 கிராம் கிழங்கில் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. மீன் அதை ஈடுகட்டுகிறது. மிச்சமிருக்கும் சயனைடை உடல் மாற்றிக் கழிப்பதற்குத் தேவையான கந்தகமும் மீனின் புரதத்திலிருந்து கிடைக்கிறது.

ராசிபுரத்து விவசாயி:

போன வருடம் எங்கள் ஆடுகள் இரண்டு வேலி தாண்டி மரவள்ளித் தழையை மேய்ந்துவிட்டன. மூச்சு வாங்கி, உடல் நடுங்கி, நின்ற இடத்திலேயே விழுந்தன. டாக்டர் வந்து ஊசி போட்டதில் ஒன்று பிழைத்தது. ஊட்டச்சத்துப் பட்டியலில் இதற்கு ஒரு வரி கிடையாது.

ஆத்தூரான்:

சீவும்போது இரண்டு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கசக்கவில்லை, அதுவரை நல்லது. வறுத்தால் எல்லாம் போய்விடும் என்றும் நினைத்திருந்தேன். அவிப்பதில் போகிற அளவுக்கு வறுப்பதில் போகாதாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1 கிலோ மரவள்ளி சிப்ஸில் சயனைடு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது.

வரும் ஞாயிறு மூடாத சட்டியில் அவித்த கிழங்குதான். தங்கச்சி, எங்கள் ஊரில் நல்ல மத்தி கிடைப்பது கஷ்டம். ஏரிக் கெண்டையில் குழம்பு வைத்தால் பொருந்துமா?