கச்சான் காத்து வெக்கையில கலியாணச் சாறி: உதவி வேணும்

ஆவணியில தம்பியின்ர கலியாணம், திருகோணமலை உப்புவெளியில. முகூர்த்தம் காலை 10 மணி, மண்டபத்தில ஏசி இல்லை. தோழியா நான் ஓமத்துக்குப் பக்கத்திலதான் நிக்கவேணும்.

போன மாசம் ஒரு சாமத்திய வீட்டுக்குக் காஞ்சிபுரம் பட்டு உடுத்தன். அரை மணித்தியாலத்தில முதுகு நனைஞ்சு, கக்கத்தடியில சாயம் லைனிங்கில இறங்கிட்டுது. கழுத்தில வேர்க்குரு இன்னும் போகேல்லை. ஜோர்ஜட் லேசுதான், ஆனா பொலியெஸ்டர். காத்து உள்ள வராது. மருதமுனைக் கைத்தறிப் பருத்தி நல்ல குளிர்ச்சி, ஒருக்கா இருந்து எழும்பினா கொய்யகமெல்லாம் கசங்கிப்போகுது. பிளவுஸ் லைனிங்கைப் பருத்தியில மாத்தினன், அது மட்டும் கொஞ்சம் சுகம்.

அம்மா இல்லாத வீடு. அவனுக்காக வடிவா நிக்க ஆசை.

பட்டும் பருத்தியும் கலந்த சாறி உடுத்தவை ஆராவது இருக்கிறீங்களோ, இந்த வெக்கையில மூண்டு மணித்தியாலம் கசங்காமத் தாங்குமோ?